வாடகை வீட்டுக்கு ஒரு சுத்தியல் போதும்: அந்த 46 பீஸ் டூல் கிட்டை கார்ட்ல இருந்து எடுத்துடுங்க



எஸ்ஐபி, பிஎஃப், டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னிக்கு சுத்தியல் பத்தி பேசப் போறோம். சிரிக்காதீங்க. பிஜி-ல இருந்து வெளிய வந்து முதல் முதலா ஒரு வாடகை வீடு எடுக்குறவங்க முதல் மாசத்துலயே தேடுற பொருள் இது. காலண்டர் மாட்டணும், வைஃபை ஒயரை சுவர் ஓரமா கொண்டு போகணும், ஆன்லைன்ல வந்த ஷெல்ஃபோட பின்பக்க பலகையை அடிக்கணும். உடனே போனை எடுத்து "ஹாமர்"னு தேடுவீங்க. முதல் பக்கத்துலயே 46 பீஸ், 108 பீஸ்னு டூல் கிட் வரிசையா நிக்கும். அடுத்த பத்து நிமிஷத்துல ஒண்ணு கார்ட்ல ஏறிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு அந்த கிட் தேவையில்ல. தலை எடை 225 கிராம்ல இருந்து 340 கிராமுக்குள்ள இருக்குற, பின்பக்கம் ஆணி பிடுங்குற பிளவு இருக்குற ஒரே ஒரு சின்ன சுத்தியல் போதும். ஹார்ட்வேர் கடைக்காரர் இதை கிளா ஹாமர்னு சொல்லுவார். இதைவிட பெரிய சுத்தியல் கேக்குற வேலை எதுவும் வாடகை வீட்டுல பெரும்பாலும் சுத்தியல் வேலையே இல்ல. அது டிரில் வேலை, அதுக்கு ஆள் கூப்பிடணும்.

"350 ரூபாய் சமாச்சாரத்துக்கு ஒரு பதிவா?"னு கேக்கலாம். சுத்தியல் விலை சின்னதுதான். அதை வச்சு நீங்க அடிக்கப் போற சுவர் சின்னது இல்ல. அந்தச் சுவருக்குப் பின்னாடி உங்க அட்வான்ஸ் பணம் இருக்கு. பல பேருக்கு அது ரெண்டு மூணு மாச சம்பளம்.

முதல்ல கிட் கணக்கு

உதாரணத்துக்கு 1,499 ரூபாய் போட்டிருக்கிற ஒரு 46 பீஸ் கிட் எடுத்துக்குவோம். பிரிச்சுப் பார்த்தா ஸ்க்ரூ டிரைவர் பிட் 24, ஆலன் கீ 9, சாக்கெட் 8. இதுலயே 41 ஆச்சு. மிச்சம் சுத்தியல், கட்டிங் பிளேயர், அளக்குற டேப், பிட் மாட்டுற கைப்பிடி, ஒரு கத்தி.

விக்கிறவர் உங்களை ஒரு வகுத்தல் போட வைக்கிறார். 1,499-ஐ 46-ஆல வகுத்தா பீஸுக்கு 33 ரூபாய்கூட இல்ல. "அடேங்கப்பா, சல்லிசா இருக்கே"னு தோணும். எங்க தொழில்ல முதல்ல பார்க்குறதே கீழ இருக்குற அந்த எண்ணைத்தான். 46-ஆல வகுக்கக் கூடாது. நீங்க உண்மையிலேயே கையில எடுக்கப் போற பொருள்களோட எண்ணிக்கையால வகுக்கணும். சுத்தியல், பிளேயர், டேப், கைப்பிடி, ரெண்டு பிட். மொத்தம் 6. இப்போ பீஸுக்கு 250 ரூபாய் ஆயிடுச்சு.

இதையே தனித்தனியா வாங்கினா? சுத்தியல் 350, கட்டிங் பிளேயர் 250, டேப் 100, ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுற ஸ்க்ரூ டிரைவர் 80, டெஸ்டர் 40. மொத்தம் 820 ரூபாய். இது கணக்குக்காக நான் போட்ட விலை. ஊருக்கு ஊர், கடைக்கு கடை மாறும், உங்க ஏரியா விலையைப் போட்டுப் பாருங்க. வித்தியாசம் எப்படியும் பக்கத்துலதான் வரும். என் கணக்குல 679 ரூபாய் மிச்சம். கூடவே கிட்ல இல்லாத டெஸ்டரும் உங்ககிட்ட இருக்கு.

பணம் ஒரு பக்கம். கிட்ல வர்ற சுத்தியலோட தரம் இன்னொரு பக்கம். 46 பொருளை ஒரு பெட்டிக்குள்ள அடக்கி விலையைக் குறைக்கணும்னா எங்கயோ கை வைக்கணும். பல கிட்ல தலை எடை எவ்வளவுன்னுகூட போட்டிருக்காது. சுத்தியல்ல தலை கழண்டு வந்தா அது எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். சைக்கிள் நீங்களே பிரிச்சு மாட்டுறீங்க, ஃபர்னிச்சர் அடிக்கடி அசெம்பிள் பண்றீங்க, நட்டு போல்ட் வேலை பிடிக்கும்னா கிட் உங்களுக்கு சரியா வரலாம். அந்த 41 பீஸ்ல 20 உங்க கைக்கு வரும். "என்னைக்காவது தேவைப்படும்"னு வாங்குறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சுவர் என்ன சுவர்னு பாருங்க

யூடியூப்ல ஹாமர் ரிவ்யூ பார்த்தா பெரும்பாலும் அமெரிக்க வீடியோதான் வரும். அவங்க எல்லாரும் 16 அவுன்ஸ், 20 அவுன்ஸ்னு சொல்லுவாங்க. நம்ம அளவுல 450 கிராம், 570 கிராம். அவங்க வீடு மரச் சட்டத்துல நிக்குது. சுவர்ங்கிறது அந்தச் சட்டத்து மேல அடிச்ச ஜிப்சம் பலகை. வீட்டு வேலைன்னாலே மரத்துல பெரிய ஆணி அடிக்கிற வேலை. நம்ம ஊர் சுவர் அப்படி இல்ல. அந்த அறிவுரையை அப்படியே எடுத்தா சுவரும் போகும், ஆணியும் வளையும்.

நம்ம ஊர்ல நீங்க குடியிருக்க வாய்ப்பு உள்ள சுவர்கள் இவை:

செங்கல் சுவர். மேல சிமெண்ட் பூச்சு. சின்ன ஸ்டீல் ஆணி பொறுமையா அடிச்சா இறங்கும். காலண்டர், சின்ன படம் தாங்கும்.

கான்கிரீட் தூண், பீம். செங்கல் வீட்டுலயும் மூலையில, ஜன்னலுக்கு மேல இது வரும். இதுல ஆணி இறங்காது. வளையும், இல்லன்னா தெறிக்கும். புது அடுக்குமாடி சிலதுல மைவான்னு சொல்லுற அலுமினிய அச்சு வச்சு எல்லாச் சுவரையுமே கம்பி போட்ட கான்கிரீட்டா வார்த்துடறாங்க. அந்த வீட்டுல எந்தச் சுவருக்கும் சுத்தியல் பிரயோஜனம் இல்ல.

ஏஏசி பிளாக். எடை குறைவான, வெள்ளையா இருக்குற கல். ஆணி வெண்ணெய் மாதிரி இறங்கும். அதே மாதிரி வெளியவும் வந்துடும். கனமான பொருள் மாட்டணும்னா அதுக்குன்னு இருக்குற ஆங்கர் வேணும்.

ஹாலோ பிளாக். உள்ள வெற்றிடம். ஓங்கி அடிச்சா ஓடு உடைஞ்சு பெரிய பொத்தல் விழும்.

பழைய சுண்ணாம்புக் காரை சுவர். பழைய தெரு வீடுகள்ல இருக்கும். ஒரு அடி பலமா விழுந்தா உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வரும்.

எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வீட்டு ஓனரையோ அசோசியேஷனையோ கேக்குறது முதல் வழி. முன்னாடி குடியிருந்தவங்க போட்ட ஓட்டை எங்கயாவது இருந்தா உள்ள பாருங்க. சிவப்புத் தூள் வந்தா செங்கல். மிருதுவான வெள்ளைத் தூள்னா பெரும்பாலும் ஏஏசி. கெட்டியான சாம்பல் நிறம்னா கான்கிரீட்டோ கான்கிரீட் பிளாக்கோ.

இந்தப் பட்டியலைத் திரும்பப் படிங்க. கனமான சுத்தியல் உதவுற சுவர் ஒண்ணாவது இருக்கா? செங்கலுக்கு மெதுவான அடி வேணும். கான்கிரீட்டுக்கு டிரில் வேணும். மத்த மூணுக்கும் பலமான அடியே எதிரி. பெரிய சுத்தியல் வாங்குறவர் தன்னோட வீட்டுக்காக வாங்கல, வீடியோல பார்த்த வீட்டுக்காக வாங்குறார்.

225, 340, 450: எந்த எடை?

சுத்தியல் மேல போட்டிருக்கிற எடை தலையோட எடை மட்டும்தான். பிடியைச் சேர்த்தா மொத்தம் அதைவிடக் கூட வரும். ஆன்லைன்ல சில பேர் மொத்த எடையைப் போட்டிருப்பாங்க. சில பேர் பெட்டியோட எடையைப் போட்டிருப்பாங்க. அதனால தலை எடை எவ்வளவுன்னு தெளிவா இல்லாத சுத்தியலை விட்டுடுங்க.

225 கிராம் (8 அவுன்ஸ்): வைஃபை கேபிள் கிளிப், காலண்டர் ஆணி, ஷெல்ஃபோட பின்பலகைக்கு வர்ற குட்டி ஆணி, வாசல் நிலையில தோரணம் கட்ட ஒரு ஆணி. இதுக்கு மேல வேலையே இல்லன்னா இது போதும்.

340 கிராம் (12 அவுன்ஸ்): மேல சொன்ன எல்லாம் பண்ணும். கூடவே கட்டில் சட்டம் ஆடுது, மரப் பெஞ்சு கால் லூஸாயிடுச்சு, ஒன்றரை இஞ்ச், ரெண்டு இஞ்ச் ஆணி அடிக்கணும்னாலும் சமாளிக்கும். ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னு சொல்றவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

450 கிராம் (16 அவுன்ஸ்): சொந்த வீடு, மொட்டை மாடி, தோட்டம், மர வேலையில ஆர்வம் இருக்கிறவங்களுக்கு. வாடகை வீட்டுக்கு இது அதிகம்.

"எடை குறைஞ்சா அடி விழாதே?"னு கேப்பீங்க. பள்ளிக்கூட இயற்பியலை ஞாபகப்படுத்திக்கோங்க. எடை ரெண்டு மடங்கானா ஆற்றல் ரெண்டு மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு. லேசான சுத்தியலை வேகமா வீச முடியும். அதைவிட முக்கியமானது குறி. ஒரு இஞ்ச் ஆணிக்கு பலம் தேவையில்ல, நேரா விழுற அடி தேவை. நாள் முழுக்க லேப்டாப்ல டைப் பண்ணிட்டு சனிக்கிழமை மட்டும் சுத்தியல் எடுக்குற கைக்கு, 450 கிராமை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு குறி தவறாம அடிக்கிறது சிரமம். நாலாவது அடி கட்டை விரல்ல விழும். ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்து தங்குற வீடுன்னா அவங்க கைக்கும் லேசான சுத்தியல்தான் சரி.

கடையில ரெண்டு நிமிஷம்

சென்னையில பாரிமுனைப் பக்கம் போனா ஹார்ட்வேர் கடைகள் வரிசையா இருக்கு. ஒரு சுத்தியலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம், பெட்ரோல் காசு அதிகமாயிடும். உங்க தெரு முனை பெயிண்ட், ஹார்ட்வேர் கடையே போதும். "அண்ணே, 300 கிராம் பக்கத்துல ஒரு கிளா சுத்தியல் காட்டுங்க"னு கேளுங்க. தபாரியா, ஸ்டான்லி மாதிரி தெரிஞ்ச பிராண்டும் இருக்கும், உள்ளூர்ப் பட்டறை சரக்கும் இருக்கும். பிராண்டை விட நீங்க பார்க்க வேண்டியது இவைதான்:

1. தலையும் பிடியும் சேருற இடம். ஒரு கையில பிடியைப் பிடிச்சு இன்னொரு கையால தலையை ஆட்டுங்க. துளி ஆடினாலும் வேண்டாம். மரப் பிடின்னா மேல ஆப்பு இறுக்கமா அடிச்சிருக்கான்னு பாருங்க.

2. முகம். ஆணியை அடிக்கிற பக்கம் வழவழன்னு, லேசா குவிஞ்சு, ஓரம் மழுங்கலா இருக்கணும். வரி வரியா கட்டம் போட்ட முகம் கட்டுமான வேலைக்கானது. அது உங்க மரத்துலயும் சுவத்துலயும் அச்சு பதிக்கும்.

3. பிளவு. வளைஞ்சு கீழ இறங்கியிருக்கணும். நேரா நீட்டியிருக்கிறது பலகையைப் பெயர்க்குறதுக்கு. கடைக்காரர்கிட்டயே ஒரு இஞ்ச் ஆணி வாங்கி பிளவுக்குள்ள தள்ளிப் பாருங்க. ஆணியோட உடம்பைக் கவ்வணும். சின்ன ஆணி வழுக்கிட்டு வந்தா அந்தச் சுத்தியல் பாதி வேலைதான் செய்யும்.

4. பிடி. மரம், ஃபைபர், ரப்பர் சுத்தின இரும்பு மூணும் கிடைக்கும். மரப் பிடி கைக்கு அதிர்ச்சியைக் கம்மியா தரும், உடைஞ்சா புதுசு போட்டுக்கலாம். ஆனா காய்ஞ்சு சுருங்கினா தலை லூஸாகும். தண்ணியில ஊற வைங்கன்னு சொல்லுவாங்க. அது தற்காலிகம்தான், திரும்பக் காய்ஞ்சா பழைய கதை. வருஷத்துக்கு நாலு தடவை எடுக்குறவங்களுக்கு ஃபைபர் பிடி தொல்லை இல்லாதது. எதுவா இருந்தாலும் ஒரு தடவை வீசிப் பாருங்க. வியர்த்த கையில வழுக்குமான்னு யோசிங்க.

5. லேபிள். பேக் பண்ணி வித்தா எம்ஆர்பி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பேரு, முகவரி போட்டிருக்கணும். அது சட்டம். எதுவுமே இல்லாத டப்பா சுத்தியல் உடைஞ்சா நீங்க யார்கிட்டயும் போய் நிக்க முடியாது.

கணக்கு வழக்கு ஆர்வம் இருக்கிறவங்களுக்கு ஒரு துணுக்கு. மண்வெட்டி மாதிரி விவசாயக் கைக்கருவிக்கு ஜிஎஸ்டி இல்ல. சுத்தியலுக்கு 18 சதவீதம். 354 ரூபாய் பில்லுல 54 ரூபாய் வரி. எம்ஆர்பி-க்குள்ளயே இது அடங்கிடும், அதுக்கு மேல தனியா ஜிஎஸ்டி கேட்டா குடுக்காதீங்க. அப்புறம், "இதை டேக்ஸ்ல காட்டலாமா?"னு கமெண்ட்ல கேக்கப் போறவருக்கு: முடியாது தம்பி. சம்பளக்காரருக்கு இந்த மாதிரி செலவுக்குத் தனிக் கழிவு கிடையாது. எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்.

அட்வான்ஸ் பணம்

இப்போ பெரிய தொகைக்கு வருவோம்.

தமிழ்நாட்டோட 2017-ம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல போகக் கூடாதுன்னு அது சொல்லுது. அந்த "வேற மாதிரி" எழுதுறதுதான் நம்ம ஊர் வழக்கம், அதனால நிறைய பேர் இன்னும் அதிகமா குடுத்துட்டு இருக்கீங்க. யார் எந்தப் பழுதைப் பார்க்கணும்னும் அந்தச் சட்டத்துல பட்டியல் இருக்கு. வெள்ளையடிக்கிறது, பெயிண்ட் ஓனர் பொறுப்பு. கதவுப் பிடி, பூட்டு, ஸ்விட்ச், குழாய் மாத்துறது, கொசுவலை மாத்துறது வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்துல மாத்தி எழுதியிருந்தா எழுதினபடிதான்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. சாதாரணமா பழசாகுறது வேற, நீங்க சேதப்படுத்துறது வேற. நாலு வருஷத்துல பெயிண்ட் மங்கினா அது பழசாகுறது. நாலு இடத்துல பூச்சு பெயர்ந்து நின்னா அதை சேதம்னு சொல்லி அட்வான்ஸ்ல கழிக்க ஓனருக்கு வழி கிடைக்கும். நிறைய ஒப்பந்தத்துல "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது"னே ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும்போது நாம அதைப் படிக்கிறது இல்ல.

அதனால சுத்தியல் எடுக்குறதுக்கு முன்னாடி:

ஒப்பந்தத்துல அந்த வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா ஓனருக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். "சார், ஹால்ல ஒரு காலண்டர், ஒரு கடிகாரம் மாட்ட ரெண்டு ஆணி அடிச்சுக்கலாமா?" அவர் "சரி"ன்னு போட்டா அதை அழிக்காதீங்க. வாய் வார்த்தை காலி பண்ற நாள்ல ஞாபகம் இருக்காது.

குடி வர்ற அன்னிக்கே எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க. ஏற்கெனவே இருந்த ஓட்டை உங்க கணக்குல ஏறக் கூடாது.

ஏற்கெனவே ஆணி இருக்கிற இடத்தையே முதல்ல பயன்படுத்துங்க. லேசான பொருளுக்கு ஒட்டுற ஹூக் போதும். அதோட கவர்ல எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கும்.

காலி பண்ணும்போது ஆணியைப் பிடுங்கி சின்ன ஓட்டையை வால் புட்டி வச்சு அடைச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுங்க. அரை மணி நேர வேலை. லேசான சுத்தியல் போட்ட ஓட்டைன்னா விரல் நுனி புட்டியில மூடிடும்.

அடிக்கும்போது

சுவருக்கு அடிக்கிற ஸ்டீல் ஆணி கடினப்படுத்தின இரும்பு. கிளா சுத்தியல் அடிப்படையில மரத்துல சாதா ஆணி அடிக்கிறதுக்கு செஞ்சது. ஸ்டீல் ஆணியை இதால அடிக்காதீங்கன்னு தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறாங்க. காரணம், கடினமான இரும்பு மேல கடினமான இரும்பு கோணலா மோதினா சில்லு தெறிக்கும். அது நேரா கண்ணுக்குத்தான் வரும். அந்த எச்சரிக்கைப்படி பார்த்தா சுவர் ஆணிக்கு வேற சுத்தியலோ டிரில்லோதான் சரி. ஆனாலும் நம்ம வீடுகள்ல எல்லாரும் அந்தக் காலண்டர் ஆணியை இதாலதான் அடிக்கிறோம். அடிக்கத்தான் போறீங்கன்னா பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம ஒரு ஆணிகூட அடிக்காதீங்க. அதே ஹார்ட்வேர் கடையில மலிவா கிடைக்கும். சுத்தியல் பில்லோட அதையும் சேர்த்துடுங்க, இந்தப் பதிவுல நான் கூடுதலா செலவு பண்ணச் சொல்ற ஒரே இடம் அதுதான்.

அஞ்சாறு தட்டுல ஆணி இறங்கலன்னா நிறுத்துங்க. அது கான்கிரீட். இன்னும் பலமா அடிக்கிறதுல அர்த்தம் இல்ல.

ஆணியை விரலால பிடிக்காம துணி கிளிப்பாலயோ பழைய சீப்போட பல்லுக்கு நடுவுலயோ பிடிச்சு, முதல்ல மெதுவா ரெண்டு தட்டு. நின்ன பிறகு விரலை எடுத்துட்டு அடிங்க. பிடியோட கடைசிப் பகுதியைப் பிடிங்க, தலைக்குப் பக்கத்துல பிடிச்சா கட்டுப்பாடு இருக்குற மாதிரி தோணும், அடியில சக்தி இருக்காது.

பிடுங்கும்போது தலைக்கு அடியில ஒரு மரத் துண்டோ மடிச்ச அட்டையோ வைங்க. நெம்புகோல் நல்லா வேலை செய்யும், சுவத்துல பள்ளமும் விழாது.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ, பக்கவாட்டுல ஆணி அடிக்காதீங்க. உள்ள ஒயர் குழாய் போகும். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவத்துல தண்ணிக் குழாய் போகும். அங்க ஒரு ஆணி தப்பா இறங்கினா அட்வான்ஸ் முழுசும் பேசுபொருள் ஆயிடும்.

வாங்காம இருக்குறதும் ஒரு வழி

பிஜி-ல இருக்கீங்களா? ஒரு வருஷத்துக்குள்ள ஊர் மாறப் போறீங்களா? வாங்காதீங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்டயோ வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ கேட்டு வாங்கி, வேலை முடிஞ்ச கையோட திருப்பிக் குடுங்க. கூடவே ரெண்டு வாழைப்பழமோ ஒரு டீயோ. பக்கத்து வீட்டுப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்ல.

டிவி மாட்டுறது, கர்ட்டன் ராடு, கண்ணாடி அலமாரி, கான்கிரீட் சுவத்துல எதுவா இருந்தாலும் ஆள் கூப்பிடுங்க. டிரில், பிட், ரா பிளக், பல வருஷக் கை எல்லாத்தோடயும் வர்றவருக்குக் குடுக்குற கூலி வீண் செலவு இல்ல. நீங்க 40,000 ரூபாய் டிவி மாட்டப் போறீங்க. அந்த வேலையை எல்லாம் ஒரு காகிதத்துல சேர்த்து எழுதி ஒரே விசிட்ல முடிங்க, அதுதான் சிக்கனம். ஒரே ஒரு காலண்டர் ஆணிக்கு ஆள் கூப்பிட்டு விசிட் சார்ஜ் குடுக்குறதுதான் வீண். விசிட்டுக்கு 300 ரூபாய்னு வச்சுக்கிட்டா, ரெண்டாவது தடவையிலயே சுத்தியல் விலை கழிஞ்சுடுது. வருஷத்துக்கு 10 தடவை எடுத்து 15 வருஷம் வச்சிருந்தா 350 ரூபாய் சுத்தியல் ஒரு தடவைக்கு ரெண்டரை ரூபாய்கூட வராது. தேயாத, சார்ஜ் போட வேண்டாத, அப்டேட் கேக்காத பொருள் உங்க வீட்டுல வேற எத்தனை இருக்கு?

ஏன் இதை இவ்வளவு நேரம் பேசினேன்?

கிட்டை விக்கிற முறையும் சில பாலிசிகளை விக்கிற முறையும் ஒண்ணுதான். இன்சூரன்ஸ், சேமிப்பு, போனஸ், மெச்சூரிட்டி எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடுக்கி "இவ்வளவும் இந்த விலைக்கா!"னு உங்களை நினைக்க வைப்பாங்க. பிரிச்சுப் பார்த்தா உங்களுக்கு வேண்டிய கவரேஜ் அதுல கம்மியா இருக்கும். ஒரு டெர்ம் பாலிசியைத் தனியா, முதலீட்டைத் தனியா வாங்குங்கன்னு நான் ஒவ்வொரு வீடியோலயும் சொல்றேன். கேக்குறவங்க தலையாட்டுவாங்க. அடுத்த வாரமே ஏஜெண்ட் முன்னாடி உக்காந்து கிட்டை வாங்கிடுவாங்க. பிரிச்சுப் பார்க்குற பழக்கம் லட்ச ரூபாயில திடீர்னு வராது. 350 ரூபாயில பழகினாதான் வரும்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை. கார்ட்ல இருக்குற கிட்டைத் திறங்க. அதுல இருக்குற பொருள் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, போன ஆறு மாசத்துல எத்தனை தடவை தேவைப்பட்டுச்சுன்னு எழுதுங்க. பூஜ்யம் போட்ட எல்லாத்தையும் அடிச்சுடுங்க. மிச்சம் இருக்குறதை எழுதி எடுத்துக்கிட்டு தெரு முனைக் கடைக்குப் போங்க.

இந்தப் பதிவுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தரல, அஃபிலியேட் லிங்க்கும் கிடையாது. உங்க வீட்டுச் சுவர் என்ன சுவர், கிட் கணக்குல நீங்க எத்தனையால வகுத்தீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. சுத்தியல் வாங்கினா வர்ற ஆயுத பூஜைக்கு லேப்டாப்போட சேர்த்து அதுக்கும் ஒரு பொட்டு சந்தனம் வச்சுடுங்க.

அடுத்த வாரம் வாடகை ஒப்பந்தத்தை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.